பழைய கைப்பேசியிலும் தமிழ் தமிழாகத் தெரிய

பூச்சோங்கில் தமிழில் இணையப் பக்கம் வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. ஆலய நிர்வாகத்தார், தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார், மணவறை அலங்காரமோ கேட்டரிங்கோ செய்யும் சிறு வியாபாரி. செய்து கொடுக்கிறவர்கள் உங்களைப் போன்ற பிள்ளைகள். பக்கத்திலேயே சைபர்ஜெயாவில் படித்துவிட்டு, புது மடிக்கணினியும் ஃபைபர் இணைப்புமாக உட்கார்ந்து செய்கிறீர்கள். படிக்கிறவர் வேறு ஆள். மகன் புதுசு வாங்கிய பிறகு கழித்துக் கொடுத்த கைப்பேசியில், பதினான்காவது மைலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டே பூசை நேரம் பார்க்கும் அம்மா. பத்து வருடத்துக்கு முந்திய கணினியை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் சங்கச் செயலாளர். அவர்களை மனத்தில் வைத்துத்தான் கீழே உள்ளதைச் சொல்கிறேன், தம்பிகளே, தங்கைகளே.

1. ‘எழுத்து தெரியலே’ என்று ஒருவர் புலனத்தில் படம் அனுப்பினால், உடனே எழுத்துருவை மாற்றப் பாயாதீர்கள். படத்தை நன்றாகப் பாருங்கள். ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு முகம் உண்டு.

கட்டம் கட்டமாக வந்தால் அந்தக் கருவியில் தமிழ் எழுத்துருவே இல்லை. தலைக்கு மேல் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ என்று வரிசையாக ஓடினால், உங்கள் பக்கம் யூடிஎஃப்-8இல் இருக்கிறது, உலாவி அதை மேற்கத்தியக் குறியாக்கமாகப் படிக்கிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றுதான், அதுதான் அந்த ஏ. எத்தனை தமிழ்க் குறியோ அத்தனை ஏ. வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால் விஷயம் மோசம். தரவுத்தளத்தில் போட்டபோதே எழுத்து அழிந்துவிட்டது, உலாவியைக் குறை சொல்லிப் பயனில்லை, மூலத்தைத் தேடி மறுபடி ஏற்ற வேண்டும். எழுத்தெல்லாம் தமிழாக இருந்து, ஒற்றைக் கொம்பு மட்டும் எழுத்துக்குப் பின்னால் நின்றாலோ, புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் இடையில் வந்தாலோ, எழுத்துகளைக் கோத்துக் கொடுக்கும் வேலை நடக்கவில்லை. அல்லது தட்டச்சு செய்தவர் உயிர்க்குறியை முன்னால் போட்டிருக்கிறார்.

ஆங்கில எழுத்தில் அர்த்தமில்லாமல் ஏதோ வந்தால், அது அடுத்த கதை.

2. அந்தக் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். வரலாறு என்று தள்ளிவிடாதீர்கள். இன்றைக்கும் அச்சகத்திலிருந்து உங்களுக்கு வரும் கோப்பில் அது உயிரோடு இருக்கிறது.

கணினியில் தமிழ் நம் பகுதியில் பிறர் தந்து வந்ததல்ல. முத்து நெடுமாறன் 1985லேயே இங்கே முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். ஆனால் அந்த நாளில் ஒவ்வொரு மென்பொருளும் தமிழுக்குத் தன் விருப்பப்படி இடம் ஒதுக்கிக்கொண்டது. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைப்பதே வழி. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டினால், உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கிற கணினியில் தமிழ். இல்லாத கணினியில் அந்த நான்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். தேடுபொறிக்கும் அப்படித்தான், பார்வையற்றவருக்குப் படித்துக் காட்டும் கருவிக்கும் அப்படித்தான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1997இல் சிங்கப்பூரில் கூடினார்கள், 1999இல் சென்னையில் கூடினார்கள், 2001 ஆகஸ்டில் நம் கோலாலம்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு நடந்தது. டிஸ்கி என்று ஒரு தரம், டாப், டாம் என்று தமிழ்நாட்டு அரசு அறிவித்த தரங்கள். வாசகரிடம் எழுத்துரு இல்லையே என்று, பக்கத்தோடு எழுத்துருவையும் அனுப்பும் ஒரு வித்தையும் இருந்தது. நெட்ஸ்கேப்புக்கு ஒரு கோப்பு, இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு வேறொரு கோப்பு. நெட்ஸ்கேப் தன் அடுத்த பதிப்பில் அதைக் கைவிட்டது. அதை நம்பியிருந்த பக்கங்கள் ஒரே இரவில் அந்த வாசகருக்குக் கிறுக்கலாயின.

மதுரைத் திட்டத்தாரைப் பாருங்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கியது. இலக்கிய நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். முதலில் டிஸ்கி. பிறகு யூனிகோடு நிலைத்ததும் நூல்களை அதற்கு மாற்றினார்கள். அதனால்தான் இன்றும் உங்கள் கைப்பேசியில் அவை திறக்கின்றன. மாற்றாமல் விட்ட பக்கங்கள் எத்தனையோ அப்படியே போய்விட்டன. தமிழுக்கு மட்டும் வந்த நோயும் இல்லை இது. மியன்மாரில் சவ்ஜி என்ற எழுத்துருவில் நாடே எழுதிக்கொண்டிருந்தது. 2019 அக்டோபரில்தான் அரசாங்கம் முறைப்படி யூனிகோடுக்கு மாறியது.

ஆகவே அச்சகத்துக்காரர் கும்பாபிஷேக மலரைப் பாமினியில் அனுப்பினால், மாற்றி மூலத்தில் போடுங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். மாற்றிகள் மேற்கோள் குறியையும் இடையில் வரும் ஆங்கிலச் சொல்லையும் எண்களையும் சேர்த்துக் கடித்துவிடும். உபயக்காரர் தொலைபேசி எண் தமிழாகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

3. குறியாக்கம் யூடிஎஃப்-8 என்பதை மூன்று இடத்திலும் சொல்லுங்கள், மூன்றும் ஒன்றே சொல்லட்டும். கோப்பைச் சேமிக்கும்போது, பக்கத்தின் தலைப்பகுதியிலுள்ள மெட்டா வரியில், சர்வர் அனுப்பும் தலைப்புச் செய்தியில். மெட்டா வரி முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தலைப்பு, விளம்பர நிரல், அது இது என்று மேலே அடுக்கிவிட்டு அதைக் கீழே தள்ளாதீர்கள். சர்வர் ஒன்று சொல்லி மெட்டா இன்னொன்று சொன்னால் சர்வர் சொல்வதே எடுபடும். மலிவு ஹோஸ்டிங்கில் இதுதான் அடிக்கடி நடப்பது. உங்கள் கணினியில் சரியாக இருக்கும், ஏற்றியதும் சாய்கோடு போட்ட ஏ வரிசை.

சர்வரைத் தொடவே விடமாட்டோம் என்கிற இடம் கிடைத்தால், தமிழ் எழுத்துக்குப் பதில் அதன் எண்ணை எழுதலாம். ஆம்பர்சண்ட், ஹாஷ், 2980, அரைப்புள்ளி என்றால் ‘த’. கோப்பில் வெறும் ஆங்கிலக் குறிகளே இருப்பதால் எந்தக் குறியாக்கமும் அதைக் கெடுக்காது. கையால் எழுத வேண்டியதில்லை, மாற்றித் தரும் கருவிகள் உண்டு. ஒன்றிரண்டு பக்கத்துக்குச் சரி, முழுத் தளத்துக்கும் செய்தால் பின்னால் திருத்துகிறவர் உங்களைச் சபிப்பார்.

4. தரவுத்தளத்தையும் பாருங்கள். மைஎஸ்கியூஎல் 8.0 வரும்வரை, அதாவது 2018 வரை, ஒன்றும் சொல்லாவிட்டால் லேட்டின் குறியாக்கத்தில்தான் அட்டவணையைத் திறக்கும். அதில் ‘யூடிஎஃப்8’ என்ற பெயரில் இருப்பதும் அரைகுறைதான், ஒரு குறிக்கு மூன்று பைட் வரைதான் இடம். தமிழுக்கு மூன்று போதும். கும்பிடும் கை எமோஜிக்கு நான்கு வேண்டும். ஓர் இரங்கல் அறிவிப்பில் பெயருக்குப் பிறகு கும்பிடும் கையைப் போட்டு, அதற்கடுத்து ஈமச்சடங்கு நடக்கும் இடத்தையும் நேரத்தையும் எழுதியிருந்தார்கள். பழைய தரவுத்தளம் கையைக் கண்டதும் அதோடு வாசகத்தை வெட்டிவிட்டது. பக்கத்தில் பெயர் மட்டும் நின்றது, எங்கே, எத்தனை மணிக்கு என்று ஊரே தொலைபேசியில் கேட்டது. எம்பி4 என்று முடியும் வகையைத் தேர்ந்தெடுங்கள். நம் ஆலயங்கள் எமோஜியை விடப்போவதில்லை.

5. எழுத்தைப் படமாக்கி ஒட்டாதீர்கள். பழைய கைப்பேசியில் தமிழ் தெரியாதே, படமாகப் போட்டால் எல்லாருக்கும் தெரியுமே என்பார்கள். தெரியும், பெரிதாக்கினால் மங்கும், தேடினால் கிடைக்காது, டேட்டாவைத் தின்னும், கண் தெரியாதவருக்கு ஒன்றுமே இல்லை. தைப்பூச அறிவிப்பை அழகான படமாகத்தான் தருவார்கள். போடுங்கள். கீழே அதே செய்தியை எழுத்திலும் போடுங்கள்.

6. எழுத்துரு விஷயத்தில் பிள்ளைகள் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறீர்கள். எழுத்துரு தருவது வடிவம். ‘க’வுக்கு முன்னால் கொம்பையும் பின்னால் காலையும் கொண்டுபோய் நிறுத்தி ‘கொ’ ஆக்குகிற வேலை இயங்குதளத்துடையது அல்லது உலாவியுடையது. அது இல்லாத கருவிக்கு எத்தனை அழகான எழுத்துருவை அனுப்பினாலும் கொம்பு பின்னால்தான் நிற்கும்.

விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு தமிழுக்கு வழி திறந்தது. எக்ஸ்பியில் லதா இருந்தும், வட்டாரமொழி அமைப்பில் போய்ச் சிக்கலான எழுத்துமுறைகளுக்கு ஒரு டிக் போட்டு, விண்டோஸ் குறுந்தட்டையும் செருகினால்தான் எழுத்து ஒழுங்காகக் கோக்கும். அந்தக் குறுந்தட்டு யாரிடமும் இருக்காது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம் ஆகியவற்றின் பின்னாளையப் பதிப்புகள் ஹார்ஃப்பஸ் என்ற, எழுத்துகளைக் கோக்கும் கருவியைத் தம்மோடு கொண்டு வந்ததால் அந்தத் தொல்லை ஓய்ந்தது. சங்கக் கணினி பழையது என்றால், கணினியை மாற்றச் சொல்வதற்கு முன் உலாவியை மாற்றிப் பாருங்கள்.

இணைய எழுத்துரு கொடுப்பதானால் புதிய வாஃப்2 வடிவத்தை மட்டும் கொடுக்காதீர்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11க்கும் பழைய ஆண்ட்ராய்டு உலாவிக்கும் அது புரியாது, கூடவே பழைய வாஃபும் இருக்கட்டும். எழுத்துருவின் எடையைக் குறைக்கிறேன் என்று வேண்டாத எழுத்துகளை நீக்கும்போது, எழுத்துகளை இணைக்கும் விதிகள் உள்ள அட்டவணையையும் சேர்த்து நீக்கிவிடும் கருவிகள் இருக்கின்றன. நீக்கிய பிறகு ‘மு’, ‘கூ’, ‘டி’ மூன்றையும் போட்டுப் பாருங்கள். சிஎஸ்எஸ்ஸில் எழுத்துருப் பட்டியல் எழுதும்போது உங்களுடையதற்குப் பின்னால் நிர்மலா, லதா, இணைமதி, நோட்டோ தமிழ் என்று கருவிகளில் ஏற்கெனவே இருப்பவற்றையும் வரிசையில் போடுங்கள். இணைமதி ஆப்பிள் கணினியோடு வருவது, நம் முத்து நெடுமாறன் வடித்தது.

ஓபரா மினிக்காரர்களுக்கு இணைய எழுத்துரு போய்ச் சேராது. ஒரு காலத்தில் தமிழ் தெரியாத கைப்பேசிகளில் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, எழுத்தைப் படமாக்கி அனுப்பும் வசதியை ‘ஆம்’ என்று மாற்றித்தான் தமிழ் படித்தார்கள். அந்த வசதிக்கும் உங்கள் பக்கம் சுத்தமான யூனிகோடாக இருக்க வேண்டும், பாமினியாக இருந்தால் ஓபரா என்ன செய்யும்?

7. ‘ஸ்ரீ’யில் கவனம். பூச்சோங்கில் ஆலயப் பெயர்ப்பலகை பாதிக்கு மேல் அதில்தான் தொடங்கும். யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். ‘ஸ’வில் தொடங்கி எழுதுவது பழைய வழக்கம். 2005இல் ‘ஶ’ என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்தபின் அதில் தொடங்குவதே முறை என்றாயிற்று. புதிய கைப்பேசியில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. பழைய எழுத்துருவில் ‘ஶ’வே கிடையாது, ஆலயப் பெயரின் தலையில் கட்டம் விழும். நான் ‘ஸ’வைத்தான் பயன்படுத்தச் சொல்வேன். இலக்கணக்காரர் சண்டைக்கு வந்தால் வரட்டும், அம்மாவின் கைப்பேசியில் சாமி பெயர் தெரிகிறது. தேடல் பெட்டி வைத்தால் மட்டும் இரண்டு வகையும் ஒன்றெனக் கொள்ளும்படி நிரல் எழுதுங்கள்.

8. எழுத்தை எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள். ‘பூச்சோங்’ என்பது நமக்கு நான்கெழுத்து. கணினிக்கு எட்டுக் குறி, இருபத்து நான்கு பைட். ‘சோ’வின் இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டியிருந்தால் ஒன்பது குறி, இருபத்தேழு பைட். திரையில் வேறுபாடே தெரியாது. ஆனால் ஒருவர் ஒருவிதமாகத் தட்டிய முகவரியை மற்றவர் இன்னொரு விதமாகத் தேடினால் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று வரும். உள்ளே வாங்கும்போதே என்எஃப்சி முறையில் ஒரே சீராக்கிவிடுங்கள், பிஎச்பி முதல் ஜாவாஸ்கிரிப்ட் வரை எல்லாவற்றிலும் அதற்கு வழி உண்டு.

முகப்பில் செய்தித் தலைப்பைச் சுருக்கி மூன்று புள்ளி போடுவீர்கள். பைட் கணக்கில் வெட்டினால் கடைசி எழுத்து உடைந்து, கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாக நிற்கும். குறிக் கணக்கில் வெட்டினால் ‘கோவில்’ ‘கோவ’ ஆகும், ‘பள்ளி’ ‘பள’ ஆகும். முழு எழுத்தாகப் பார்த்து வெட்டும் நிரலைப் பயன்படுத்துங்கள், அதைவிடச் சொல் முடிவில் வெட்டுங்கள்.

பக்க முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமா என்று கேட்பீர்கள். உலாவியில் அழகுதான். நகலெடுத்துப் புலனத்தில் ஒட்டினால் ‘பூச்சோங்’ மட்டுமே விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக எழுபத்திரண்டு எழுத்துக்கு நீளும், பாதியில் வரி முறிந்து இணைப்பு அறுந்துபோகும். பெரியவர்கள் அதைப் பார்த்தால் மோசடி இணைப்பு என்று தொடவும் மாட்டார்கள். முகவரியை ரோமன் எழுத்தில் சுருக்கமாக வையுங்கள்.

9. ௵, ௴, ௳ மாதிரிக் குறிகள் அழைப்பிதழில் அழகு. 2003இல்தான் யூனிகோடில் சேர்ந்தன, அதற்கு முந்திய எழுத்துருக்களில் இல்லை. ஆண்டு, மாதம், நாள் என்று எழுதிவிடுங்கள். தமிழ் எண்களும் அப்படியே: ௧ எது, ‘க’ எது என்று திரையில் யாருக்குத் தெரியும்?

10. எழுத்திடைவெளி கூட்டாதீர்கள், முதல் எழுத்தைப் பெரிதாக்கும் அலங்காரமும் வேண்டாம். பழைய உலாவிகள் உயிர்க்குறியை மெய்யிலிருந்து பிய்த்துவிடும். வரி உயரத்தைத் தாராளமாக விடுங்கள், இல்லையென்றால் ‘கூ’வின் வாலும் ‘கீ’யின் கொண்டையும் நறுக்கப்படும்.

11. எழுத்தெல்லாம் சரி, பக்கமே திறக்கவில்லை என்றால்? இதை யாரும் எழுத்துப் பிரச்சினையாக நினைப்பதில்லை, ஆனால் பழைய கைப்பேசிக்காரர் இன்று முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழைத்தான் சிறிய தளங்கள் பெரும்பாலும் போடுகின்றன, அதில் தப்பில்லை. ஆனால் ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்திய கருவிகளுக்கு அதன் மூலச் சான்றிதழ் தெரியாது. வேறொரு பழைய சான்றிதழின் கையொப்பத்தால் சமாளித்துவந்தார்கள், 2024 செப்டம்பரோடு அதுவும் முடிந்தது. இப்போது அந்தக் கைப்பேசிகளில் சிவப்பு எச்சரிக்கை வரும். வேறு நிறுவனத்தின், பழைய கருவிகளும் அறிந்த சான்றிதழை விலை கொடுத்து வாங்கலாம். இல்லையென்றால் அந்தக் கைப்பேசியில் ஃபயர்ஃபாக்ஸை நிறுவிக் கொடுங்கள், அது நம்பும் சான்றிதழ்களைத் தன்னோடு வைத்திருக்கிறது.

12. எவ்வளவு பழையதுவரை இறங்கிப் போவது? விண்டோஸ் 98க்காக யாரும் உழைக்க வேண்டாம். எக்ஸ்பிக்கும் குரோம் 2016லேயே நின்றுவிட்டது. விண்டோஸ் 7ஐ இன்னும் விடமுடியாது, அதற்குக் குரோம் 109தான் கடைசி, 2023இல் வந்தது. ஆண்ட்ராய்டில் 5 வரை பாருங்கள். தெரிய வேண்டியது செய்திதான். அசையும் படமும் மங்கி விரியும் மெனுவும் பழைய கருவியில் இல்லாவிட்டால் குடியொன்றும் முழுகாது. ஆலயத்தாரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள், ‘என் மருமகன் போனில் அப்படி வரலியே’ என்ற பேச்சு பின்னால் எழாது.

13. சோதிக்க ஒரு பழைய கைப்பேசி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்ட் கடையில் கேட்டால் மலிவாகத் தருவார்கள். கணினியில் போலியாக இயங்கும் கைப்பேசித் திரையை நம்பாதீர்கள், அதற்குள் ஓடுவது உங்கள் புதிய உலாவிதான், எழுத்துருவும் உங்களுடையதுதான்.

அதில் திறந்து பார்க்க நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வரி இது: ‘ஸ்ரீலக்ஷ்மியும் கௌரியும் பூச்சோங் கோவிலில் பொங்கல் வைத்து ஃபோட்டோ எடுத்தார்கள்.’ ‘ஸ்ரீ’ ஒரே எழுத்தாக நிற்கிறதா, ‘க்ஷ்’ சேர்ந்ததா பிரிந்ததா, ‘பொ’வின் கொம்பு முன்னால் இருக்கிறதா, ‘வை’யின் சங்கிலி இடம் மாறியதா, ‘ஃ’ கட்டமாகிவிட்டதா என்று பாருங்கள். பிறகு ‘கௌரி’யை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் போடுங்கள். கிடைக்கவில்லை என்றால், தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ‘ள’வும் போட்டிருக்கிறார். கண்ணால் பார்த்தால் அது தெரியவே தெரியாது. வாசித்துக் காட்டும் கருவியில் கேட்டுப் பாருங்கள், அது ‘கெளரி’ என்று ளகரத்தோடு தனித்து ஒலிக்கும்.